“அது உங்க கருத்து சார்!” – அறக்கூற்றுக்கு உண்மை, பொய் உண்டா?

விவாதக் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு முடிவுரை வரி உண்டு. “ஆகவே, எது சரி எது தவறு என்பது அவரவர் கண்ணோட்டத்தைப் பொறுத்தது.” தலைப்பு மரண தண்டனையோ, பகடிவதையோ, முதியோர் இல்லமோ, எதுவாக இருந்தாலும் கடைசியில் இந்த வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். வகுப்பில் வாய்மொழியாக வரும்போது இன்னும் சுருக்கம்: “அது உங்க கருத்து சார்!” அதற்குமேல் பேச்சு நகராது.

மாணவர்கள் இதைச் சோம்பலால் மட்டும் எழுதுவதில்லை. பல இனம், பல சமயம் சேர்ந்து வாழும் நாட்டில், அடுத்தவர் நம்பிக்கையைக் குறை சொல்லாதே என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்த நல்ல பழக்கத்திலிருந்துதான் இந்த வரி முளைக்கிறது. கேட்கப் பணிவாகவும் இருக்கிறது. ஆனால் அது சொல்லும் செய்தி சிறியதல்ல. அறம் பற்றிய எந்த வாக்கியமும் உண்மையும் ஆகாது, பொய்யும் ஆகாது என்று அது ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதிவிடுகிறது. நன்னெறிக் கல்வி என்று ஒரு பாடத்தை ஆண்டு முழுவதும் நடத்திவிட்டு இந்தத் தீர்ப்புக்கு மதிப்பெண் போட்டால், நாம் நடத்திய பாடம் எதைப் பற்றியது?

வகுப்பில் இதைத் தொடங்க மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதலாம்.

“டுரியான் சுவையான பழம்.”
“ஜொகூரில் ஞாயிற்றுக்கிழமை பள்ளி நாள்.”
“லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர்.”

முதல் வாக்கியம் நாக்கைப் பொறுத்தது. ஒருவருக்குத் தேன், இன்னொருவருக்கு வாசமே ஆகாது. இருவரில் யாரும் தப்பு செய்யவில்லை. இரண்டாவது வாக்கியம் ஆணையைப் பொறுத்தது. 2014 தொடக்கம் 2024 முடிய ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்தக் காலத்தில் அந்த வாக்கியம் இங்கே உண்மை, அதே நாளில் சிலாங்கூரில் பொய். 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு விடுமுறையானது, இங்கும் பொய்யாகிவிட்டது. மனிதர்கள் சேர்ந்து முடிவெடுத்து உண்டாக்கிய உண்மை அது, முடிவை மாற்றினால் உண்மையும் மாறும். மூன்றாவது அப்படியல்ல. மாநிலமே கூடி வாக்களித்தாலும் லேடாங் மலை ஓர் அங்குலம் வளராது.

இப்போது நான்காவதாக ஒரு வாக்கியம்: “ஒருவனை அவன் பிறப்பைக் காட்டி அவமானப்படுத்துவது தவறு.” இது டுரியான் வகையா, ஞாயிற்றுக்கிழமை வகையா, லேடாங் வகையா? இந்தக் கட்டுரையின் கேள்வி முழுவதும் இதுதான். முதல் வகை என்றால் அதை அகநிலை என்கிறோம். மூன்றாவது வகை என்றால் புறநிலை. இரண்டாவது வகை என்று சொல்வோரைச் சார்புவாதிகள் என்று அழைப்பது வழக்கம்.

சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

கேள்வியை வெறும் காற்றில் வைத்துப் பேசினால் பிள்ளைகளுக்கு ஒட்டாது. நம் தாத்தா, பாட்டி காலத்து வழக்கு ஒன்று கையில் இருக்கிறது. 1941-ஆம் ஆண்டு, மார்ச் முதல் மே வரை, சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களில் முக்கியமானவர் ஆர். எச். நாதன்; ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவர். மே மாதம் அவர் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கொதிப்பு பெருகியது, இராணுவம் வந்தது, சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலைப் படித்துப் பார்க்க வேண்டும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, மருத்துவ வசதி, வேலை நேரக் குறைப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்துவது, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. இவற்றோடு, பணச் செலவே இல்லாத ஒரு கோரிக்கையும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

தோட்ட நிர்வாகத்துக்கு இதனால் ஒரு காசு நட்டமில்லை. தொழிலாளிக்கு ஒரு காசு லாபமும் இல்லை. அப்படியிருந்தும் வேலையையும், சிலர் உயிரையும் பணயம் வைத்த ஒரு போராட்டப் பட்டியலில் அது ஏறியது. அவர்கள் சொன்னதன் சாரம்: இது தவறு. “எங்களுக்குப் பிடிக்கவில்லை” என்பதல்ல அந்தக் கோரிக்கையின் பொருள். கத்தரிக்காய் பிடிக்காதவன் கத்தரிக்காய்க்கு எதிராக வேலைநிறுத்தம் செய்வதில்லை.

ஆனால் “பிடிக்கவில்லை” என்றுதான் பொருள் என்று வாதிட்ட பெரிய அறிஞர்களும் உண்டு. ஆங்கில மெய்யியலாளர் ஏ. ஜே. அயர் 1936-இல், தம் 25 வயதில் வெளியிட்ட ‘லேங்குவேஜ், ட்ரூத் அண்ட் லாஜிக்’ என்ற நூலில், அறக்கூற்று எந்தச் செய்தியையும் சொல்வதில்லை, பேசுபவரின் உணர்ச்சியை வெளிக்காட்டுகிறது, அவ்வளவுதான் என்றார். “சே!” என்று முகம் சுளிப்பது போல. “சே!” என்பது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. கேட்க எளிமையாக இருக்கும் இந்த விளக்கத்துக்கு எளிமையான ஒரு சிக்கலும் உண்டு. அதைக் கூர்மையாக எடுத்துக்காட்டியவர் பீட்டர் கீச். “திருடுவது தவறு என்றால், தம்பியைத் திருட அனுப்புவதும் தவறு” என்று ஒருவர் சொல்கிறார். ‘என்றால்’ என்ற பகுதியில் அவர் எதையும் கண்டிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தோடு “திருடுவது தவறு” என்பதைச் சேர்த்தால் முடிவு ஒழுங்காகக் கிடைக்கிறது. வெறும் “சே!”யை வைத்து இப்படிக் கணக்குப் போட முடியாது. அயர் வழிவந்தவர்கள் இதற்குப் பதில் தேடி நிறைய எழுதியிருக்கிறார்கள். பள்ளி மாணவருக்கு இந்த அளவு போதும்.

“அந்தக் காலத்துல அது சரிதானே டீச்சர்?”

மாணவர்களிடம் உண்மையில் செல்வாக்குள்ளது அயர் அல்ல, சார்புவாதம். “அந்தக் காலத்துல அதுதான் வழக்கம், அப்போ அது சரி, இப்போ நமக்குத் தப்பாத் தெரியுது.” ஞாயிற்றுக்கிழமை போல, விதி மாறியதும் சரியும் மாறிவிட்டது என்பது இதன் உட்பொருள்.

இதில் முதல் இடறல், யாருடைய வழக்கம் என்பது. 1941-இல் ஒரே தோட்டத்தில் துரையின் பங்களா ஒரு சமூகம், லயம் ஒரு சமூகம், இடையில் கிராணிமார். வழக்கத்தைப் பிறப்பித்தது பங்களா, பிழை என்றது லயம். “அந்தச் சமூகத்தில் சரி” என்று சொல்லும்போது எந்தச் சமூகத்தைச் சொல்கிறோம்? பெரும்பாலும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவர்களைத்தான், நமக்கே தெரியாமல்.

இரண்டாவது இடறல் இன்னும் ஆழமானது. ஒரு சமூகத்தின் வழக்கமே அங்கே சரியை உண்டாக்குகிறது என்றால், வழக்கத்தை எதிர்ப்பவர் எப்போதும் தவறானவர் ஆகிவிடுகிறார், அதுவும் விசாரணை இல்லாமலே. தந்தை பெரியார் 1929 இறுதியில் மலாயா வந்து சாதியைக் கண்டித்துப் பேசியபோது, கூடியிருந்த பலர் சாதி வழக்கத்தில் ஊறியவர்கள். கப்பலேறி வந்தவர்கள் மூட்டையோடு சாதியையும் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள், இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சார்புவாதப்படி பார்த்தால் அன்று அவர் சொன்னது பொய், போதுமான பேர் மனம் மாறிய ஏதோ ஒரு நாளில் அது உண்மையாகியிருக்க வேண்டும். எந்த நாளில்? எத்தனை பேர் மாறியதும்? இந்தக் கேள்வியே விந்தையாக ஒலிக்கிறது. சாதிக் கொடுமை அன்றும் தவறு, பலர் அதை அன்று காணவில்லை என்பதுதான் நேரான விளக்கம்.

‘முன்னேற்றம்’ என்ற சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். மலாயாவில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938-இல் இந்திய அரசின் தடையால் நின்றது. இவற்றை முன்னேற்றம் என்றுதான் வரலாற்றுப் பாடத்தில் சொல்கிறோம். வெறும் மாற்றத்தை முன்னேற்றம் என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். ஜொகூரில் விடுமுறை நாள் மாறியதை யாரும் அறநெறி முன்னேற்றம் என்று சொல்வதில்லையே!

எதைப் பொறுத்தது?

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். “சூழ்நிலைக்கு ஏற்ப சரி, தவறு மாறத்தானே செய்கிறது?” மாறுகிறது. இந்தக் கட்டுரையில் மாணவர்கள் எதையாவது ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது இந்த இடம்தான்: சூழலைப் பொறுத்தது என்பது வேறு, கருத்தைப் பொறுத்தது என்பது வேறு.

காய்ச்சல் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான அளவு எவ்வளவு? நோயாளியின் வயதை, எடையைப் பொறுத்தது. குழந்தைக்குச் சரியானது பெரியவருக்குப் போதாது. அதனால் மருந்தளவு அவரவர் கருத்து என்று எந்த மருந்தகரும் சொல்ல மாட்டார். சூழல் மாறினால் சரியான விடை மாறுகிறது. ஆனால் ஒவ்வொரு சூழலுக்கும் சரியான விடை, தவறான விடை என்று இருக்கிறது. தவறினால் பிள்ளைக்கு ஆபத்து.

சைக்கிளுக்கு வருவோம். சைக்கிளை விட்டு இறங்குவது தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. இறுதி ஊர்வலம் எதிரே வந்தால் நாமே இறங்கி ஓரமாக நிற்கிறோம். அது மரியாதை. வயதான ஆசிரியரைப் பார்த்து இறங்கி வணக்கம் சொன்னால் அது அன்பு. தோட்டத்தில் அதே செயல் என்னவாக இருந்தது? இறங்காவிட்டால் தண்டனை உண்டு. இறங்குவது ஒரு பக்கம் மட்டுமே. தொழிலாளிக்காகத் துரை ஒருநாளும் இறங்கியதில்லை. ‘நீ தாழ்ந்தவன்’ என்பதை நாள்தோறும் உடம்பாலேயே ஒப்புக்கொள்ள வைக்கும் ஏற்பாடு அது. செயல் ஒன்று, சூழல் மூன்று, மதிப்பீடும் வேறு வேறு. ஆனால் “பிறப்பைக் காட்டி ஒருவனை இழிவுபடுத்துவது தவறு” என்ற அடிப்படை மூன்று இடத்திலும் மாறவில்லை. உண்மையில், அது மாறாமல் இருப்பதால்தான் மூன்று சூழலுக்கும் மூன்று விடை கிடைக்கிறது.

திருக்குறளில் வாய்மை அதிகாரத்தைக் காட்டிச் சில மாணவர்கள், “வள்ளுவரே பொய் சொல்லலாம்னு விட்டுட்டாரே, அப்போ அவரும் எல்லாம் ஆளைப் பொறுத்ததுன்னு சொல்றாரா?” என்று கேட்பது உண்டு. நல்ல கேள்வி, பாராட்ட வேண்டிய கேள்வி. அதிகாரத்தின் முதல் குறளையும் இரண்டாம் குறளையும் சேர்த்துப் படித்தால் விடை கிடைக்கும். வாய்மை எது என்பதற்கு வள்ளுவர் வைக்கும் அளவுகோல், பிறர்க்குத் தீங்கு இல்லாமை. பொய்க்கு அவர் இடம் தரும்போதும், குற்றமற்ற நன்மை விளைந்தால் என்ற கட்டு போட்டுத்தான் தருகிறார். பேசுபவன் என்ன நினைக்கிறான் என்பது கட்டு அல்ல, உண்மையில் என்ன விளைகிறது என்பதுதான் கட்டு. மருந்தளவு போலவே, சூழலைப் பொறுத்தது. கருத்தைப் பொறுத்தது அல்ல.

அந்த உண்மை எங்கே இருக்கிறது?

இதுவரை சொன்னதைக் கேட்டுக் கெட்டிக்கார மாணவி ஒருத்தி எழுந்து, “லேடாங் மலையை அளக்கலாம் டீச்சர், தப்பை எதை வெச்சு அளக்கிறது?” என்று கேட்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜே. எல். மெக்கி 1977-இல் வெளிவந்த தம் நூலில் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார். ‘தவறு’ என்பது உலகில் உள்ள ஒரு பொருளானால், அது வேறு எதைப் போலவும் இல்லாத விநோதப் பொருளாக அல்லவா இருக்க வேண்டும்? ஆகவே எல்லா அறக்கூற்றுகளும் இல்லாத ஒன்றைப் பேசுகின்றன, எல்லாமே பொய் என்பது அவர் முடிவு. அயரை விட இவரிடம் பதில் சொல்வது கடினம்.

ஒரு பதில்: உண்மை எல்லாமே கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருக்க வேண்டியதில்லை. 17 பகா எண் என்பதை யாரும் நுண்ணோக்கியில் பார்த்ததில்லை. காரணம் காட்டித்தான் நிறுவுகிறோம். அறக்கூற்றையும் காரணம் காட்டித்தான் சோதிக்கிறோம், அந்தக் காரணங்கள் தேறலாம், தேறாமலும் போகலாம்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பாருங்கள். கோவலனைக் கொன்றது அநீதி என்று கண்ணகி சொல்கிறாள். கள்வனைக் கொல்வது முறைதான் என்று மன்னன் நிற்கிறான். இருவருக்கும் அறத்தில் தகராறு இல்லை, குற்றமற்றவனைக் கொல்லக் கூடாது என்பதை இருவரும் ஏற்கிறார்கள். தகராறு சிலம்புக்குள் என்ன இருக்கிறது என்பதில். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் தீர்ந்தது. பாண்டியன் “அது உன் கண்ணோட்டம் அம்மா” என்று சொல்லவில்லை.

அறம் பற்றிய கருத்து வேறுபாடுகள் பலவும் இப்படித் தகவல் வேறுபாடாக முடிவதைக் காணலாம். இந்தியத் தொழிலாளிக்குக் குறைந்த கூலி போதும், அவன் தேவை குறைவு என்பது தோட்ட நிர்வாகங்கள் சொன்ன நியாயம். ‘தேவை குறைவு’ என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய தகவல். குறைவாகக் கொடுத்ததால் குறைவாகச் செலவழித்தான். குறைவாகச் செலவழித்ததைக் காட்டிக் குறைவாகக் கொடுத்தார்கள். வட்டம் சுற்றி வந்துவிட்டது.

ஆனால் சிலம்பை உடைத்தால் எல்லா வழக்கும் தீர்ந்துவிடாது. டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார்: ‘இப்படி இருக்கிறது’ என்ற தகவல்களை எத்தனை அடுக்கினாலும், அவற்றிலிருந்து மட்டும் ‘இப்படி இருக்க வேண்டும்’ என்பது தானாக விளையாது. சரிதான். குற்றமற்றவனைக் கொல்லலாகாது என்ற அடிப்படை எங்கிருந்து வருகிறது? புறநிலைவாதிகள் பலர் தரும் சோதனை இடமாற்றச் சோதனை. துரை தம்மை அந்தத் தொழிலாளியின் இடத்தில் வைத்து, “அப்போதும் நான் இறங்கத்தான் வேண்டும்” என்று மனமாரச் சொல்வாரா? மாட்டார் என்றால், தமக்கும் அவனுக்கும் உள்ள எந்த வேறுபாடு இந்த வழக்கத்தை நியாயமாக்குகிறது? தோல் நிறமா? பிறந்த ஊரா? அவை சைக்கிளில் அமர்ந்து போவதற்கு எந்த விதத்திலும் தொடர்பில்லாதவை. காரணம் கேட்கக் கேட்கக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், அந்த வழக்கம் தோற்றது வெறும் ரசனையில் அல்ல. கணிதத்தில் கிடைப்பது போன்ற நிரூபணம் இது அல்லதான். இருந்தாலும் டுரியான் தகராறில் இப்படி ஒரு சோதனையை நடத்தவே முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

“கடவுள் சொன்னார், அதனால் தவறு” என்று சொல்லி இதைச் சுருக்கிவிடலாமே என்று கேட்கலாம். பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’ உரையாடலில் சாக்ரட்டீஸ் கேட்பது இதுதான்: தெய்வம் விரும்புவதால் அது நல்லதா, நல்லது என்பதால் தெய்வம் விரும்புகிறதா? நமக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. சிவனே நேரில் வந்தபோதும் பாட்டில் பிழை பிழைதான் என்று நின்ற நக்கீரர் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். அது கவிதை பற்றிய வழக்கு என்றாலும், சொன்னவர் யார் என்பது சொன்னதை உண்மையாக்காது என்ற பாடம் அதில் இருக்கிறது. பக்தி உள்ளவர்களும் இதை ஏற்கலாம், நக்கீரரும் பக்தர்தானே.

மெய்யியலாளர்களே இதில் ஒத்துப்போகவில்லை. 2020-இல் பில்பேப்பர்ஸ் நடத்திய கருத்தாய்வில் ஏறக்குறைய 62 விழுக்காட்டினர் அற உண்மைகள் உண்டு என்ற பக்கமும், 26 விழுக்காட்டினர் இல்லை என்ற பக்கமும் சாய்ந்தார்கள். வாக்கு எண்ணிக்கை உண்மையைத் தீர்மானிக்காது என்று மேலே சொல்லிவிட்டு இதை ஆதாரமாகக் காட்டக் கூடாது. “படிச்சவங்க எல்லாம் அவரவரைப் பொறுத்ததுன்னுதான் சொல்றாங்க” என்ற நினைப்பு சரியல்ல என்று காட்ட மட்டும் இது பயன்படும்.

கட்டுரையில் எப்படி எழுதுவது?

மாணவர்களே, முதலில் அந்தப் பழைய வரியை எடுத்துவிடுங்கள். “இது அவரவர் கண்ணோட்டத்தைப் பொறுத்தது” என்று எழுதத் தோன்றும்போது, உண்மையில் எதைப் பொறுத்தது என்று கேளுங்கள். முதியோர் இல்லம் தலைப்பில், “பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது சரியா என்பது அவர்களுடைய உடல்நிலை, அவர்களுடைய விருப்பம், வீட்டில் கவனிக்க ஆள் உண்டா என்பவற்றைப் பொறுத்தது; பாரம் என்று கருதிக் கைகழுவுவதற்காகச் சேர்ப்பது எந்தச் சூழலிலும் தவறு” என்று எழுதிப் பாருங்கள். உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி எதிர்பார்ப்பது இப்படிப்பட்ட பதிலைத்தான். எதிர்த்தரப்பைச் சொல்லும்போதும் “சிலர் இவ்வாறு கருதுகின்றனர்” என்பதோடு நிறுத்தாமல், அவர்கள் காட்டும் காரணம் என்ன, அது தகவலில் பிழையா, கொள்கையில் பிழையா என்று பிரித்துக் காட்டுங்கள்.

சகிப்புத்தன்மை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அடுத்தவரைப் பொறுத்துப் போக வேண்டும் என்பதே ஓர் அறக்கூற்று. எல்லாம் அவரவர் கருத்து என்றால் அதுவும் வெறும் கருத்தாகி, பொறுத்துப் போக மறுப்பவனிடம் சொல்ல நமக்கு வார்த்தை இல்லாமல் போகும். உண்மை இருக்கிறது என்பதும், அது முழுக்க என் கையில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. சொல்லப்போனால் உண்மை என்று ஒன்று இருந்தால்தான் நான் பிழைபட முடியும், இன்னொருவர் என்னைத் திருத்தவும் முடியும்.

ஆசிரியர்கள் குழு வேலையாகக் கொடுக்க அதே வரலாற்றில் இன்னொரு பகுதி உண்டு. 1930-களில் தோட்டத் தொழிலாளியின் நிர்ணயக் கூலி, சிறந்த ஆண்டுகளில், ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கிள்ளான் தொழிலாளர்கள் சீனருக்கு இணையான கூலி கேட்டார்கள். அதே பால்மரத்தை வெட்டிய பெண்ணுக்கு ஆணுக்கு இணையான கூலி வேண்டும் என்று அந்தப் பட்டியலில் தனிக் கோரிக்கை இல்லை. அந்த 10 காசு வேறுபாடு 1941-இல் அநீதியா, அல்லது யாரும் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அநீதியானதா? மாணவர்கள் எழுதட்டும், “அவரவரைப் பொறுத்தது” என்ற சொற்றொடரை மட்டும் பயன்படுத்தாமல்.